சொல்லாமல் விட்ட ‘வேண்டாம்’

இணையத்தில் நீள்கட்டுரை வாசிக்கிறவர்கள் ‘ஸ்னோ ஃபால்’ என்ற பெயரை எங்காவது கடந்து வந்திருப்பார்கள். ஜான் பிராஞ்ச் எழுதி, 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்தது. ஆறு அத்தியாயம், கிட்டத்தட்ட 17,000 வார்த்தை. மறுவருஷம் புலிட்சர் பரிசு. முதல் ஆறு நாளில் 35 லட்சம் பக்கப்பார்வை என்று கணக்குச் சொன்னார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம் பத்திரிகை அலுவலகங்களில் அந்தத் தலைப்பு வினைச்சொல்லாகவே புழங்கியது. நல்ல செய்தி ஒன்று சிக்கினால், “இதை ஸ்னோஃபால் பண்ணிடலாமா?” என்பார்களாம்.

வெப்சைட் கட்டிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது இலக்கியமாக வந்து சேரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீம் லீட் அந்த லிங்கை அனுப்பி, “ஸ்க்ரோல் பண்ணிப் பாரு, மலையே திரும்புது” என்றார். திரும்பியது. என்ன உத்தியில் திரும்புகிறது என்று அரைமணி நேரம் பேசினோம். அந்த மலையில் யார் இறந்தார்கள் என்ற பேச்சே அந்த அறையில் எழவில்லை. பத்து வருஷம் கழித்து, படங்களையெல்லாம் அணைத்துவிட்டு வெறும் எழுத்தாக அதைப் படித்தேன். இங்கே பேசப்போவது அந்த எழுத்தைப் பற்றி. கூடவே, நம் மலைகளிலும் நம் ஆட்களுக்கும் நடந்தவற்றைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் அதன் பக்கத்தில் வைத்தால் ஏன் இவ்வளவு மெலிந்து தெரிகிறது என்பதைப் பற்றி.

சம்பவம் இது. 2012 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்று ஒரு பனிச்சறுக்கு மையம். மையத்தின் எல்லைக்குள் இருக்கிற தடங்களில் ரோந்து உண்டு. ஆபத்தாகத் தேங்கிய பனியைக் காலையிலேயே வெடி வைத்துச் சரித்துவிடுவார்கள். எல்லையைத் தாண்டினால் அவரவர் பாடு. அந்த வெளிப்பக்கத்தைத்தான் பேக்கன்ட்ரி என்கிறார்கள். மலையின் பின்முதுகில் டனல் க்ரீக் என்ற சரிவு அப்படிப்பட்ட இடம். புயல் கொட்டிவிட்டுப் போன புதுப்பனியில் பதினாறு பேர் அங்கே இறங்கப் போனார்கள். தொழில்முறைச் சறுக்கு வீரர்கள், அந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிற பத்திரிகையாளர்கள், போட்டிகளுக்கு நடுவராக இருப்பவர், அந்த மையத்திலேயே மார்க்கெட்டிங் பார்க்கிறவர், கண்ணை மூடிக்கொண்டு இறங்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மூன்று பேர் திரும்பவில்லை.

தயாரிப்பு இல்லாமல் போன கூட்டம் கிடையாது இது. பேக்கன்ட்ரிக்குப் போகிறவர்கள் மூன்று பொருள் வைத்திருப்பார்கள். ஒன்று பீக்கன்: உடம்போடு கட்டிக்கொள்கிற சின்ன ரேடியோ, 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் துடிக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைப் பின்தொடர்வார்கள். இரண்டாவது, மடித்து வைக்கக்கூடிய நீளமான கம்பி. பனிக்குள் குத்திக் குத்தி ஆள் எங்கே என்று தொட்டறிவதற்கு. மூன்றாவது மண்வெட்டி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கம்பியும் மண்வெட்டியும் அவற்றைச் சுமந்தவருக்கு உதவாது என்பது. புதைந்தவருடைய மண்வெட்டி அவரோடே புதைந்து கிடக்கும். நான் உனக்காகச் சுமக்கிறேன், நீ எனக்காகச் சுமக்கிறாய். ஏற்பாடே அதுதான். பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்பது ஸ்விட்சர்லாந்து விபத்துகளை வைத்துப் போட்ட பழைய கணக்கு. முப்பத்தைந்து நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர். ஆவடியில் பஸ் ஏறி அம்பத்தூர் ஓ.டி. வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நான்காவதாக ஒன்று உண்டு: முதுகுப்பையில் இருக்கும் காற்றுப்பை. கயிற்றை இழுத்தால் உப்பிக்கொள்ளும். எலிஸ் சாக்ஸ்டாட் என்ற வீராங்கனை அன்று பிழைத்தது அதனால்தான். இதன் இயற்பியல் நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் ஓமப்பொடித் தூள் அடியில் போய், வேர்க்கடலை மேலே வரும். முறத்தில் புடைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருண்டு வரும் பனிக்கட்டிகளுக்கு நடுவே மனிதர் தன்னைப் பெரிய வேர்க்கடலையாக ஆக்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

பிராஞ்ச் இதையெல்லாம் நிதானமாகச் சொல்கிறார். கட்டுரையின் மிக நல்ல பக்கங்கள், என் கணக்கில், பனியைப் பற்றியவை. அவற்றைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு எதிர்பாராத வசதி இருப்பதைக் கண்டேன். பனிமலையே இல்லாத ஊர்க்காரர்கள் என்பதால் நம்மிடம் இதற்குச் சொல் கிடையாது என்று நினைப்போம். பனி என்ற ஒரே சொல்லில் மார்கழிக் காலையின் ஈரத்தையும் இமயமலையின் வெள்ளையையும் அடைக்கிறோம் என்று மொழிபெயர்ப்பாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் டனல் க்ரீக்கில் ஆளைக் கொன்ற அடுக்கு எதுவென்று பார்த்தால், அது நம்முடைய பனிதான். வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் வந்து படியும். நைட் ஷிஃப்ட் முடிந்து பார்க்கிங்குக்கு வந்தால் பைக் சீட்டைத் துடைக்காமல் உட்கார முடியாதே, அதே சங்கதி. ஸ்டீவன்ஸ் பாஸில் அது துளியாகாமல் சிறகு மாதிரிப் படிகமாக நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த புயல் அதன்மேல் புதுப்பனியைக் கொட்டினால் அந்தச் சிறகுகள் உடனே நொறுங்கிவிடாது. மேலே இருக்கிற பாளத்தைச் சீட்டுக்கட்டு வீடு போலத் தாங்கிக்கொண்டு நிற்கும். சரிவு 30 முதல் 45 பாகைக்குள் இருந்தால் ஒரு ஆளின் எடை போதும், மொத்தப் பாளமும் வழுக்கிவிடும். எத்தனை நாளுக்கு முந்தைய ஒரு தெளிந்த இரவு, கீழே காத்துக்கொண்டிருக்கிறது. ‘பின்பனி’ என்று மாசி பங்குனிக்குப் பெயர் வைத்த மொழிக்கு இதை எழுதுவது அந்நியமான வேலையே கிடையாது.

இனி எனக்கு உண்மையாகவே தூக்கம் கெட்ட பகுதி. பதினாறு பேரில் பலருக்கும் ஏதோ உறுத்தியிருக்கிறது. கூட்டம் பெரிதாகிவிட்டதே என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். பனி சரியில்லை என்று சிலருக்குப் பட்டிருக்கிறது. இத்தனை கெட்டிக்காரர்கள் சேர்ந்து தப்பான முடிவு எடுத்துவிட மாட்டார்கள் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. பிராஞ்ச் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து, “அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?” என்று கேட்டு, பதில்களை அடுக்கி வைக்கிறார். அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு ‘வேண்டாம்’ அரைகுறையாக இருந்திருக்கிறது. வாய்க்கு வரவில்லை.

இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துவைத்து இதைத்தான் ஆராய்ந்தார். பயிற்சி பெற்றவர்கள், கண்ணெதிரே ஆபத்தின் அடையாளம் இருந்தும், ஏன் இறங்குகிறார்கள்? அவர் காட்டிய காரணங்களில் ஒன்றுக்குக்கூட பனியோடு சம்பந்தமில்லை. பழகிய இடம். கூட இருப்பவர்கள் மதிக்க வேண்டும் என்ற ஆசை. கிளம்பிவிட்டோம், இனி எப்படித் திரும்புவது. ‘அவருக்குத் தெரியாததா?’ யாரும் மிதிக்காத பனி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். மற்றவர்களும் போகிறார்களே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் தள்ளுகிற எந்த டீமுக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம். இதில் இன்னொரு விஷமமும் உண்டு. சரியாத மலை நமக்குத் தப்பாகப் பாடம் சொல்கிறது. பத்துமுறை போய் ஒன்றும் ஆகாவிட்டால் பத்துமுறையும் நம் முடிவு சரி என்று எண்ணிக்கொள்கிறோம். பத்திலும் அதிர்ஷ்டம் மட்டுமே இருந்திருக்கலாம்.

இத்தனை சொன்ன பிறகு கட்டுரையின் மீது எனக்கு இருக்கிற புகாரையும் சொல்ல வேண்டும். பிராஞ்ச் சரிவிலிருந்தே தொடங்குகிறார். முதல் பத்தியிலேயே பனி வந்து சாக்ஸ்டாடை அடித்துக்கொண்டு போகிறது. பிறகுதான் பின்னால் போய், காலையிலிருந்து கதை சொல்கிறார். அதனால் அவர்கள் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பும் நமக்கு அபசகுனமாகக் கேட்கிறது. நாம் அவர்களைவிட விவரமானவர்கள் ஆகிவிடுகிறோம். முடிவு தெரிந்தவனுக்கு யாரும் முட்டாளாகத்தான் தெரிவான். அந்த மேட்டில் நின்றவர்களுக்கு அது இன்னொரு நல்ல ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அந்தத் தெரியாமையை வாசகருக்கு அரைமணி நேரமாவது கடன் கொடுத்திருக்கலாம். விறுவிறுப்புக்காக அதை முதல் பத்தியிலேயே செலவழித்துவிட்டார்.

இரண்டாவது புகார் அழகு. பக்கத்தின் தலையில் காற்று பனியைத் தூற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வீடியோ. மலைமேல் பறந்து போகும் வரைபடம். எங்கள் ஆபீஸில் ஒரு பெண் மூன்று இரவு உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டுச் சொன்னாள்: “படிச்சதும் எனக்கு ஸ்கீயிங் கத்துக்கணும்னு தோணிடுச்சு.” கேலிக்குச் சொல்லவில்லை. அவள் வாசிப்பு நேர்மையானது என்றே நினைக்கிறேன். மூன்று பேர் செத்த மலையை அத்தனை ஆசையோடு காட்டினால் கால் அங்கே போகத்தான் பார்க்கும்.

மூன்றாவதை எனக்குச் சுட்டிக்காட்டியது ஆவடியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு முன்னாள் ராணுவத்தினர். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே பனியில் இரண்டு சுற்று இருந்தவர். கட்டுரையின் கதையை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“இதுல யாரு தம்பி ஆர்டர் குடுத்தது?”

“யாரும் குடுக்கல சார். அவங்களா போனாங்க.”

“அப்போ யாரு ‘திரும்பு’ன்னு சொல்றது?”

அந்தக் கேள்விக்குக் கட்டுரையில் பதில் இல்லை. பதினாறு பேருக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது என்பதை பிராஞ்ச் காட்டுகிறார். ஆனால் அதை ஒரு விவரமாகத்தான் காட்டுகிறார். விபத்தின் எலும்பே அதுதான் என்று எனக்கு அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. அது புரிந்ததும், நம் ஊர்ச் சாவுகளை இதே கேள்வியோடு திரும்பிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் சியாச்சின். 2016 பிப்ரவரி 3. 19,600 அடி உயரத்தில் சோனம் காவல்நிலையின் மேல் பனிச்சுவர் சரிந்து 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. எல்லோரும் இறந்துவிட்டதாக அறிவித்தாயிற்று. ஆறாம் நாள் கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அந்த வாரம் தமிழ்ப் பத்திரிகைகளும் சானல்களும் எழுதியதில் எனக்கு ஞாபகம் இருப்பவை இரண்டு சொற்கள்தான்: அதிசயம், வீரமரணம். இரண்டும் கேள்வியை அடைத்துவிடுகிற சொற்கள். அதிசயத்துக்குக் காரணம் கேட்கக் கூடாது. வீரமரணத்துக்குக் காரணம் கேட்பது மரியாதை இல்லை. நான்கு ஊர்களிலும் உடல் வந்த நாளை எழுதினார்கள். உடல் அங்கே போன நாளை, அந்தக் காவல்நிலை ஏன் அந்த இடத்தில் இருந்தது என்பதை, அந்த வாரப் பனி எப்படி இருந்தது என்பதை நான் படித்தவரை யாரும் எழுதவில்லை.

டனல் க்ரீக்கில் ‘வேண்டாம்’ சொல்ல ஆளில்லை. சியாச்சினில் சொல்லும் உரிமை இல்லை. 1984 ஏப்ரலில் அந்தப் பனியாற்றில் இறங்கியதிலிருந்து நம் பக்கம் எண்ணூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். குண்டால் செத்தவர்களைவிட குளிரும் உயரமும் சரிவும் கொன்றவர்கள் அதிகம். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். டனல் க்ரீக் நடந்து ஏழு வாரத்தில், 2012 ஏப்ரல் 7 அன்று, காயாரியில் ஒரு பாகிஸ்தான் ராணுவ முகாமின் மேல் பனி சரிந்து 140 பேர் புதைந்தார்கள். மூன்று பேருக்கு ஆறு அத்தியாயம் கிடைத்த அதே வருஷம்தான். இதைச் சொல்லி அமெரிக்கப் பத்திரிகையைக் குத்துவது சுலபம். அவர்கள் தங்கள் ஆட்களைப் பற்றி எழுதினார்கள், சரியாகவே எழுதினார்கள். நம் பத்துப் பேருக்கு நாம் எத்தனை பக்கம் எழுதினோம் என்பதுதான் என் கவலை.

பனிச்சரிவைப் பற்றித் தெரிந்தவர்கள் நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. மணாலியில் 1969லிருந்தே பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென்று ஒரு டிஆர்டிஓ நிறுவனம் இருந்தது. 2020ல் அதை வேறொன்றோடு இணைத்துப் பெயரும் மாற்றினார்கள். ஆவடியில் டாங்கி வடிவமைக்கிறார்களே, அதே டிஆர்டிஓ. எங்கள் பகுதியில் பாதி வீட்டுக்கு அந்த நான்கெழுத்து சோறு போட்டிருக்கிறது. மணாலியில் ஒருவர் முப்பது வருஷம் பனி அடுக்குகளைக் குழி தோண்டிப் படித்தார் என்றால் அவரைப் பற்றி ஒரு நல்ல தமிழ்க் கட்டுரை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சியாச்சினைப் பற்றி நான் படித்ததில் மனதைத் தைத்த உரைநடை, நம்பினால் நம்புங்கள், 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி அறிக்கை. பனிக்கண்ணாடி பற்றாக்குறை, புது பூட்ஸ் வாங்காமல் பழசையே சீர்செய்து கொடுத்தது, பழைய மாதிரி முகமூடியும் ஜாக்கெட்டும் தூங்கும் பையும் வாங்கியது என்று தணிக்கை அதிகாரியின் வறண்ட நடையில் போகும். ஒரு உரிச்சொல் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவர் ‘சரி, அனுப்பு’ என்று கையெழுத்துப் போட்ட மேஜை தெரிகிறது. ‘வீரமரணம்’ மறைப்பது அந்த மேஜையைத்தான்.

இரண்டாவது குரங்கணி. அது பனி கிடையாது, தீ. ஆனால் இரண்டும் சரிவில் நடப்பவை, இரண்டிலும் கோணம்தான் ஆளைக் கொல்கிறது. பனி மேலிருந்து கீழே வரும். தீ கீழிருந்து மேலே ஏறும், சரிவு கூடக்கூட வேகமாக ஏறும். சுடர் மேற்பக்கத்துப் புல்லை நெருங்கிச் சாய்ந்து, அதை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால். 2018 மார்ச் 11, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து மகளிர் தினத்தை ஒட்டிப் போன குழு ஒன்று, ஈரோடு திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொன்று. போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில், காய்ந்த புல்சரிவில் தீ அவர்களைப் பிடித்தது. அன்றும் அதற்கடுத்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்னால் மலைக்கு ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

இறந்தவர்களில் என்னைப் போல ஐடி வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். வாரம் முழுக்க டிக்கெட் மூடிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப் பையைப் பக்கத்து சீட்டில் ஒப்படைத்துவிட்டு, கோயம்பேட்டுக்கு ஓடிப் பஸ் பிடிக்கிற கூட்டம். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இருக்கிற எந்த ஆபீஸிலும் அந்தக் கூட்டம் உண்டு. அதனால் குரங்கணியைப் பற்றி வந்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். முதல் வாரம் கண்ணீர். இரண்டாம் வாரம், அனுமதி இருந்ததா இல்லையா என்ற சண்டை. ஃபேஸ்புக்கில் ஒரு பெரும் படை, ‘பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை’ என்று. அதுல்ய மிஸ்ரா தலைமையில் ஒரு விசாரணை. அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு விதிகள். பிறகு அமைதி. யார் குற்றவாளி என்ற கேள்வியோடு எல்லாம் தொடங்கி அதோடே முடிந்துபோயின.

மலையில் முதல் புகை தெரிந்தபோது யார் என்ன நினைத்தார்கள்? மார்ச் மாதப் புல்லைப் பார்த்து யாருக்காவது உறுத்தியதா? முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்று எத்தனை பேர் பேசாமல் நடந்தார்கள்? பணம் கட்டி, லீவு சொல்லி, வீட்டில் சமாளித்து வந்த ஒருத்தி “எனக்கு என்னமோ சரியாப் படல, திரும்பலாம்” என்று சொல்ல முடிகிற கூட்டமா அது? இந்தக் கேள்விகளைப் பழி சுமத்தாமல் கேட்க முடியும். பிராஞ்ச் கேட்டுக் காட்டியிருக்கிறார். பிழைத்தவர்களை அவர் ஒருமுறைகூடக் கூண்டில் ஏற்றவில்லை. அவர்கள் அந்த நிமிடத்தில் யோசித்ததை அவர்கள் வாயால் சொல்ல இடம் கொடுத்தார், அவ்வளவுதான். நாம் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. கேட்டால் குற்றம் சாட்டுவதாகிவிடும் என்று ஒரு பக்கம், கேட்காமல் குற்றம் சாட்டுவது இன்னொரு பக்கம்.

குரங்கணிக்கு முன்மாதிரியாக நான் யாருக்காவது ஒரு புத்தகத்தைக் கொடுப்பேன் என்றால், அது நார்மன் மெக்லீனின் ‘யங் மென் அண்ட் ஃபயர்’. 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானாவில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் புல்தீ மேலேறி 13 தீயணைப்பு வீரர்களைக் கொன்றது. தலைவர் வாக் டாட்ஜ் தனக்கு முன்னால் இருந்த புல்லில் தானே தீ வைத்து, அது எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். வாருங்கள் என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. தீயிலிருந்து தப்ப ஓடுகிறவனுக்கு, தீ வைக்கிற தலைவன் பைத்தியக்காரனாகத் தெரிந்திருப்பான். மெக்லீன் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டிய வயதில் அந்தச் சரிவில் திரும்பத் திரும்ப ஏறினார், பிழைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார், தீ வேகத்தைக் கணக்கிடுகிறவர்களிடம் போய்ப் பாடம் கேட்டார். புத்தகம் முடியாமலே 1990ல் இறந்தார். 1992ல் மற்றவர்கள் அதைச் செப்பனிட்டு வெளியிட்டார்கள். ஒழுங்கில்லாத புத்தகம். திரும்பத் திரும்பச் சொல்லும். ‘ஸ்னோ ஃபால்’ அளவுக்கு வழவழப்பு இல்லாததாலேயே அதை அதிகம் நம்புகிறேன். வாக் டாட்ஜ் ஆர்டர் கொடுத்தார், அது சரியான ஆர்டரும்கூட. ஆனால் அவர் பேச்சைக் கேட்கிற அளவுக்கு அந்தக் குழுவுக்கு அவரோடு பழக்கமே இல்லை. எங்கள் தெருக்காரரின் கேள்விக்கு மூன்றாவதாக ஒரு விடை இது. அவரிடம் சொன்னேன். “கூடச் சாப்பிடாதவன் சொன்னா எவன் கேப்பான்?” என்றார்.

தயாரிப்பு, பயிற்சி என்றெல்லாம் பேசும்போது 2022 அக்டோபர் 4ஐத் தாண்டிப் போக முடியாது. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தின் குழு, திரௌபதி கா தண்டா என்ற சிகரத்தில் சரிவில் சிக்கியது. 29 பேர். பெரும்பாலானவர்கள் மலையில் பத்திரமாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளப் போனவர்கள். அந்த வருஷம் மே மாதம் எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வால் பயிற்சியாளராகப் போய் அங்கே இறந்தார். சென்னையிலிருந்து அந்த நிறுவனத்தில் இடம் கேட்டுக் காத்திருக்கும் ஐடிக்காரர்கள் எனக்கே நாலைந்து பேர் தெரியும். அந்த மாணவர்கள் ஆசிரியரைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. சொல்லத் தெரிவதற்காகத்தானே போனார்கள். இதை எழுதக்கூடிய ஆள் பிழைத்தவர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்று தோன்றுகிறது.

2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று நாற்பது தடங்களை ஆன்லைனில் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, வழிகாட்டியோடு. ஆபீஸில் லிங்க் சுற்றியது. நானும் இரண்டு தடம் போய்வந்தேன், நன்றாகவே நடத்துகிறார்கள். காட்டுத்தீக் காலம் என்று சொல்லி 2025ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். புக்கிங் பக்கத்தில் தேதிகளெல்லாம் சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் கிடந்தன. குரூப்பில் ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசிருக்கும், “மார்ச்ல லாங் வீக்எண்ட் வருது, எதுக்கு மூடி வச்சிருக்காங்க?” என்று எரிச்சலாகக் கேட்டிருந்தான். குரங்கணி நடந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். ஏதாவது அனுப்பலாம் என்று தேடினேன். செய்தித் துணுக்குகள், டிவி கிளிப்புகள், மெழுகுவர்த்திப் படங்கள், பழைய சண்டைகளின் ஸ்க்ரீன்ஷாட்டுகள் வந்தன. முழுசாகப் படிக்கிற மாதிரி, தமிழில், அவனுக்கு அனுப்ப எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.